லட்சுமணனும் லக்ஷ்மணும்

என் அப்பாவின் பெயர் ஆதாரில் 'லட்சுமணன் ஏ.' ரேஷன் கார்டில் 'லக்ஷ்மண் ஆறுமுகம்'. வாக்காளர் பட்டியலில் தேவநாகரி எழுத்தில் 'லக்ஷ்மன் அருமுகம்'. கரண்டு பில் இன்னும் தாத்தா பெயரிலேயே வருகிறது, அதில் தாத்தா 'அர்முகம்' ஆகிவிட்டார். தாராவி 90 அடி சாலைப் பக்கம் எந்தத் தமிழ் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் இந்தக் கதைதான். சில வீடுகளில் பெட்டியைத் திறந்தாலும் ஒன்றும் இருக்காது. 2005 ஜூலை 26 வெள்ளத்தில் காகிதமெல்லாம் கூழாகிப் போயிருக்கும்.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கெல்லாம் மூலம் மூன்று கட்டங்கள். மகாராஷ்டிரத்தில் எந்த ஃபாரத்தை எடுத்தாலும் தன் பெயர், அப்பா பெயர், ஸர்நேம் என்று கட்டம் போட்டிருக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்களிடம் இருந்தது பெயரும் இனிஷியலும்தான். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டொழிப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த நாட்டிலிருந்து ரயிலேறி தாதரில் இறங்கியவர்களை, கவுண்டரில் இருந்தவர் மூன்றாவது கட்டத்தைக் காட்டி "இது காலியாக இருக்கிறதே" என்று கேட்டார். சிலர் சாதிப் பட்டத்தை எழுதினார்கள், சிலர் ஊரை எழுதினார்கள், எங்கள் வீட்டில் தாத்தா பெயரை எழுதினார்கள். ஊரில் உதிர்த்ததை பம்பாய் ஃபாரம் திரும்ப ஒட்டிவிட்டது என்று அப்பா சொல்வார்.

நான் செம்பூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருடம் கணினி அறம் ஒரு பாடம். ஓட்டுநர் இல்லாத கார் பிரேக் பிடிக்காமல் போகிறது, இடப்பக்கம் திருப்பினால் கிழவர், வலப்பக்கம் திருப்பினால் குழந்தை, நிரல் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? வகுப்பில் இதை வைத்து ஒரு மணி நேரம் காரசாரமாகப் பேசினோம். சுவையான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கல்லியில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அந்தக் கார் எங்களிடம் வந்து சேர இன்னும் காலம் ஆகும். அதற்குள் வேறொரு கணினி வந்துவிட்டது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் எடுத்தது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கியது. கல்லிகளை லைடார் கருவியால் அளந்தார்கள், மேலே ட்ரோன் பறந்தது. லேசர் கதிர் சுவரில் மோதித் திரும்பி வரும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடுவது லைடார். அப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் ஒரு குடியிருப்பு முழுவதும் முப்பரிமாணப் படமாகத் திரையில் எழும். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் எழுதி, காகிதங்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கணக்கெடுக்க விடமாட்டோம் என்று நின்ற கல்லிகளும் உண்டு.

அளவு அவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வீடு கிடைப்பது தேதியைப் பொறுத்தது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின், 2011-க்கு முன் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மேல்மாடிக்காரர்களுக்கும் 2011-க்குப் பின் வந்தவர்களுக்கும், 2022 நவம்பர் 15-க்குள் அங்கே இருந்திருந்தால், வெளியே வாடகை வீடு, தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம். சுவர் இப்போது எங்கே நிற்கிறது என்பதை லேசர் துல்லியமாகச் சொல்லிவிடும். 1999-இல் அந்தச் சுவருக்குள் யார் இருந்தார் என்பதை 'அர்முகம்' என்று அச்சான கரண்டு பில்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலில் 'பாத்ர்' என்று வந்தால் தகுதி, 'அபாத்ர்' என்று வந்தால் இல்லை. தமிழோ மராத்தியோ இந்தியோ, தாராவியில் இப்போது எல்லோர் வாயிலும் இந்த இரண்டு சொல்தான். எங்கள் வீட்டு மேல்மாடியில் இருக்கும் ஆச்சி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நீ கம்ப்யூட்டருதானே படிக்கே? எனக்கு வீடு உண்டுமா கெடையாதான்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லேன்."

"அது முடிவு பண்ணாது ஆச்சி. ஆபீசர்தான் முடிவு பண்ணுவாரு."

"ஆபீசரு எதப் பாத்து முடிவு பண்ணுவாரு?"

"ஸ்க்ரீனப் பாத்து."

"பொறவு என்ன?"

நான் சொன்னதும் உண்மைதான். தகுதியை முடிவு செய்வது அரசு அதிகாரி, மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஆனாலும் ஆச்சியின் 'பொறவு என்ன' என் பாடப்புத்தகத்தைவிடக் கூர்மையானது. திரையில் சிவப்பாக ஒன்று வந்துவிட்டால், அதை மீறிப் பச்சையாக்கக் கையெழுத்துப் போடும் அதிகாரி தன் தலையைக் கொடுக்கிறார். சிவப்பை அப்படியே விட்டுவிட்டால் அவரை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

தெலங்கானாவில் நடந்ததைப் படித்தபோது இது இன்னும் விளங்கியது. அங்கே 'சமக்ர வேதிகா' என்றொரு மென்பொருள் இருக்கிறது. வாகனம், நிலம், வரி என்று பல துறைகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இவரும் அவரும் ஒரே ஆள்தானா என்று ஊகிக்கும். ரேஷன் கார்டுகளைச் சலிப்பதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள். 2014 முதல் 2019 வரை அந்த மாநிலத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகள் முன்னறிவிப்பே இல்லாமல் ரத்தாயின. ரிக்‌ஷா ஓட்டிப் பிழைத்த ஒருவரின் மனைவிக்கு அரிசி நின்றுபோனது, அவர் கணவர் பெயரை ஒத்த பெயருள்ள வேறொருவர் கார் வைத்திருந்ததால். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ரத்தானவற்றை நேரில் போய்ச் சரிபார்க்க உத்தரவிட்டது. அலசி முடித்த சுமார் 2 லட்சம் விண்ணப்பங்களில் 15,000-க்கு மேல் தகுதியானவை என்று தெரிந்தது. நூற்றுக்கு ஏழெட்டுதானே என்பார்கள். கடைக்குப் போய்ப் பையை வெறுமனே தூக்கிக்கொண்டு திரும்பியவர் கணக்கில் அது நூற்றுக்கு நூறு.

இந்தப் பெயர் பொருத்தும் வேலையைத்தான் எங்கள் குழு புராஜெக்டாக எடுத்திருக்கிறது. பழைய முறை ஒன்று உண்டு. ரஷ்யக் கணித அறிஞர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் சொன்னது. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. எண் சிறியதாக இருந்தால் இரண்டும் நெருக்கம். ஆங்கில எழுத்தில் லட்சுமணனுக்குப் பத்து எழுத்து, 'எக்ஸ்' போட்ட லக்ஷ்மணுக்கு ஆறு. ஒன்றை மற்றதாக்க ஐந்து திருத்தம் வேண்டும். அதே கணக்கில் மாரியப்பனை மாரியம்மாளாக்க மூன்று திருத்தம் போதும். அதாவது என் அப்பாவும் என் அப்பாவும் வேறு வேறு ஆட்கள், மாரியப்பனும் மாரியம்மாளும் அநேகமாக ஒரே ஆள்! கணினி பொய் சொல்லவில்லை. எண்ணச் சொன்னதைச் சரியாக எண்ணிக் கொடுத்தது.

புதிய செயற்கை நுண்ணறிவு முறைகள் எழுத்தை எண்ணுவதில்லை, லட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்கின்றன. எடுத்துக்காட்டில் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த தோல் பெண்களிடம் 34.7 வரை போனது. ஸர்நேம் இல்லாத இனிஷியல்காரர்கள் எத்தனை பேர் எந்த எடுத்துக்காட்டுத் தொகுப்பில் இருக்கிறார்கள்?

எந்த முறையானாலும் கடைசியில் யாரோ ஒருவர் ஓர் எண்ணை எழுத வேண்டியிருக்கிறது: 80 சதவீதம் ஒத்துப்போனால் ஒரே ஆள், 79 என்றால் வேறு ஆள். அந்த 80 கணிதத்திலிருந்து வருவதில்லை. ஏமாற்றுக்காரர் ஒருவர் உள்ளே வருவது மோசமா, உரியவர் ஒருவர் வெளியே போவது மோசமா என்ற தராசில் எந்தத் தட்டு இறங்க வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். நிரலில் ஒற்றை வரியாக அது உட்கார்ந்திருக்கிறது, பெயரில்லாமல். என்னைக் கேட்டால் கணினி அறம் என்ற பாடத்தை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

மும்பையிலேயே இப்படி வகை பிரிப்பதை வேறு விதமாக யோசித்த தமிழர் ஒருவர் இருந்தார். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன், இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். படங்களைக் கணினி அடையாளம் காண்பது பற்றி 1960-களில் எழுதியபோது, இது இந்த வகை என்று முத்திரை குத்துவது போதாது, படத்தில் என்ன எப்படி அமைந்திருக்கிறது என்று கணினி விவரிக்க வேண்டும் என்றார். அவர் பேசியது இயற்பியல் சோதனைப் படங்களைப் பற்றி. எனக்கு பாத்ர், அபாத்ர் பட்டியல் ஞாபகம் வந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது? ஐரோப்பாவில் 2018 மே முதல் அமலில் இருக்கும் தரவுச் சட்டப்படி, வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டுமே எடுத்தால், சில விலக்குகள் தவிர, ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியும். நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தருகிறது. இயந்திர முடிவை மறுக்கும் உரிமை அதில் இல்லை, அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் இடம் வைத்திருக்கிறது.

இதற்கிடையில் எங்கள் கல்லிப் பையன்கள் செயற்கை நுண்ணறிவைத் தங்கள் பக்கமும் இழுத்துக்கொண்டார்கள். மொபைலில் தமிழில் சொன்னால் சுத்தமான மராத்தியில் ஆட்சேபணை மனு தயார். முன்பு இதற்குத் தலாலிடம் காசு கொடுத்துக் கைகட்டி நிற்க வேண்டும். ஒரு மனுவில் இல்லாத சட்டப் பிரிவு ஒன்றை அது கம்பீரமாக மேற்கோள் காட்டியிருந்தது. வக்கீல் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு அடித்துக் கொடுத்தார். அப்படியும் மனு உருப்படியாகத்தான் இருந்தது.

எங்கள் புராஜெக்டில் இரண்டு குவியல் வேண்டாம், மூன்று வைப்போம் என்றேன். ஒரே ஆள், வேறு ஆள், நேரில் கேட்க வேண்டியவர். மாட்டுங்காவிலிருந்து வரும் என் கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த மூணாவது குவியல் மனுஷன் கைக்குப் போகும். அங்கதான் லஞ்சம் ஆரம்பிக்கும். மெஷினுக்குச் சாயா வாங்கித் தர வேண்டாம்" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆச்சியைக் கேட்டால் அவரும் மெஷினே தேவலாம் என்பார். ஆனால் மனிதர் எடுத்த முடிவில் கையெழுத்தும் பதவியும் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஏன் என்று கேட்கலாம். 80 என்ற எண்ணிடம் எங்கே போய்க் கேட்பது?

கடைசியில் அரைமனதாகச் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு: மூன்றாவது குவியலைத் தொடும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் காரணத்தையும் பதிந்தால்தான் நிரல் அடுத்த பக்கத்துக்கு நகரும். காரணம் எழுதும் கட்டத்துக்கு எத்தனை எழுத்து இடம் விடுவது என்பதில் இப்போது தகராறு. அவன் ஐம்பது போதும் என்கிறான். நான் ஐந்நூறு கேட்டிருக்கிறேன்.