வீட்டு முற்றத்தில் ஒரு சிறு கடல்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, விழிஞ்சம் துறைமுகத்தைக் கடந்ததும் கடலோரமாக அமைந்துள்ள ஊர் கோட்டுகால். நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபொழுது விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்தின் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே இப்பகுதியில் இரு மொழிகளும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடுவதைக் காணலாம். நம் இலக்கியங்கள் சுறவு என்று கூறும் மீன் அங்கு ஸ்ராவு. நாம் திருக்கை என்பது அங்குத் திரண்டி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்களில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நேயர்கள் பொறுத்தருள்க.

தலைநகரில் நம்மோடு பணியாற்றும் கோட்டுகால் அன்பர் ஒருவர், ஊரில் தம் தாயார் வாழும் வீட்டின் முற்றத்தில் பெரிய கடல்நீர்த் தொட்டி ஒன்று அமைத்துச் சிறு சுறாக்களையும் திருக்கைகளையும் வளர்க்க விரும்பினார். நாடெங்கும் பரவி வாழும் நம்மவருள் இவ்விருப்பம் உடையோர் வேறு சிலரும் இருக்கக்கூடும். அவர் பொருட்டு நாம் இருவரும் பல மாலைகள் அமர்ந்து போட்ட கணக்கையே இங்குக் கூறப் புகுகின்றோம்.

கடல் மீன்களைக் காட்சிக்கு வைப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் 1909இல் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. பம்பாயில் தாராபூர்வாலா காட்சிசாலையை 1951இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். அங்கே கண்ணாடியில் முகம் பதித்து நின்ற தமிழ்ச் சிறுவர்கள் இன்று பாட்டனாராகியிருப்பர். கோட்டுகாலுக்கு அருகிலேயே, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்சம் மையத்தில் ஒரு கடல் மீன் காட்சிசாலை உண்டு. ஆயின் அவற்றைப் பேணுதற்கு இரவும் பகலும் ஆட்கள் உண்டு. இல்லத்தில் அவ்வாறு இல்லை என்பதை முதலிலேயே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எந்தச் சுறாவை வளர்ப்பது? ஓயாது நீந்தித் திரியும் இனங்கள் வீட்டிற்கு ஒவ்வா. மூங்கில் சுறா எனப்படும் இனமே தக்கது. அது நம் கடல்களில் உள்ளது. பகலில் பாறை இடுக்கில் அசையாது கிடக்கும். வாயையும் செவுள்களையும் அசைத்தே நீரை உட்கொள்ளுமாதலால் மூச்சுக்காக நீந்த வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. தட்டையான பை போன்ற கூட்டில் முட்டையிடும். அக்கூட்டிலிருந்து சில மாதங்களில் குஞ்சு வெளிவரும். அக்குஞ்சு ஒரு சாண் நீளங்கூட இராது. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். சாண் மீனைக் கண்டு முழத் தொட்டி வாங்குகின்றனர். சாம்பல் நிற மூங்கில் சுறா வளர்ந்து முக்கால் மீட்டர் அளவை எட்டும். நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். எனவே குஞ்சை மறந்துவிட்டு, முழு வளர்ச்சியுற்ற மீனுக்கே தொட்டியை வகுத்தல் வேண்டும்.

அதற்கு 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் குறைந்த அளவு என்று கொண்டோம். நீரின் ஆழம் 75 சென்டிமீட்டர் போதும். அடித்தளத்தில் வாழும் மீனுக்கு உயரத்தைவிடப் பரப்பே முக்கியம். இத்தொட்டி 2,160 லிட்டர் கொள்ளும். கடல்நீரின் எடை மட்டும் 2,200 கிலோவுக்கு மேல். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 770 கிலோ. குடியிருப்பு வீட்டின் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்குமாறே பொதுவாக வகுக்கப்படுகின்றன. பம்பாயிலோ டில்லியிலோ மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அன்பர்கள் இந்த இரு எண்களையும் அருகருகே எழுதிப் பார்ப்பார்களாக. தரைத்தளம் இல்லாதார் இவ்வாசையை விட்டுவிடுதலே நன்று. கீழ்வீட்டாருக்கும் அதுவே நன்று.

நீலப்புள்ளித் திருக்கையையும் உடன் வைப்பதாயின் 3 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும். நீர் 4,000 லிட்டரை எட்டும். திருக்கை மணலில் புதைந்து வாழ்வது. கூரிய சல்லியைப் பரப்பினால் அதன் வயிற்றுப்புறம் புண்ணாகும், மென்மணலே இடுக. அதன் வாலிலுள்ள முள் நச்சுடையது. குத்தினால், தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி, உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். அந்நஞ்சு வெப்பத்தில் வலிமை குன்றும் இயல்பினது. கரமடி இழுப்போர் பலரும் இதை அறிவர்.

நம் அன்பர் சிமெண்டுத் தொட்டியே கட்ட எண்ணினார். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும். பல வாரங்கள் நீர் நிரப்பி வடித்து, உட்புறம் தீங்கற்ற பூச்சும் இடுதல் வேண்டும். மூலைகள் வளைவாக இருத்தல் நலம். செம்பு, பித்தளைக் குழாய்கள் நீரைத் தொடலாகாது. செம்பு இவ்வுயிர்களுக்குக் கொடிது. மற்ற மீன்களின் நோய்க்கு இடப்படும் செம்பு மருந்தும் அத்தகையதே. மின்கருவிகளில் சிறு கசிவும் கூடாது. சுறாவின் மூக்கருகே மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் உணரும் துளைகள் உண்டு. இத்தாலிய அறிஞர் லோரென்சினி 1678இலேயே அவற்றை விவரித்துள்ளார். மேலே மூடியும் தேவை. இரவில் சுறா எம்பி வெளியே விழுவதுண்டு.

அடுத்தது நீர். கடல் அருகிருப்பதால் இது எளிது என்று அன்பர் நினைத்தார். பூவாற்றில் நெய்யாறு கடலோடு கலக்கின்றது. மழைக்காலத்தில் அப்பக்கத்து நீரில் உப்பும் குறையும், சேறும் மிகும். துறைமுகத்தருகே எண்ணெய் கலந்திருக்கும். ஆகவே இரண்டுக்கும் விலகிய இடத்தில், கலங்கல் இல்லாத நாளில் எடுத்து, மணலில் வடிகட்டி, இருளில் சில நாள் வைத்திருந்து பயன்படுத்துதல் வேண்டும். கடலில்லா ஊரில் வாழ்வோர் செயற்கைக் கடலுப்பைக் கரைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம், 2,160 லிட்டருக்கு 75 கிலோவுக்குச் சற்று மேல். சமையலுப்பு இதற்கு உதவாது. ஆவியாகும் நீரை ஈடுசெய்ய நன்னீரே ஊற்றுக; ஆவியில் உப்பு போவதில்லை.

நீர் நிரப்பிய அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவு அம்மோனியாவாகும். ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்களாகும். சில சமயம் மேலும் நீளும். சுறா புலால் உண்பதாதலின் கழிவு மிகுதி. வடிகட்டியும் நுரை பிரிக்கும் கருவியும் பெரியனவாக இருத்தல் வேண்டும். நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுதலும் வேண்டும். நைட்ரேட்டு மிகுந்து அயோடின் குறைந்தால் சுறாவிற்கும் கழுத்துக் கழலை தோன்றும்.

சட்டமும் ஒன்று உண்டு. பட்டினப்பாலை பரதவர் நட்டு வழிபட்ட சுறாக்கொம்பைக் கூறுகின்றது. இன்று வாள்போன்ற கொம்புடைய வேளா மீனைப் பிடிப்பதே குற்றம். 2001 முதல் அதுவும், திமிங்கலச் சுறாவும், வேறு சில இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்துள்ளன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியலை நீட்டியுள்ளது. வலையில் வந்ததை வாங்குமுன் வனத்துறையிடம் கேட்டறிதல் கடமை.

இக்கணக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு விடுமுறையில் ஊர் சென்ற அன்பர், தாயாரிடம் விரித்துரைத்தார். அம்மையார் பொறுமையாகக் கேட்டபின் ஒன்றே கேட்டாராம்: "மக்களே, ராத்திரி கரண்டு போனா இதுக்கு யாரு காத்து குடுக்கது?"

நம் தாளில் அவ்வினாவிற்கு விடை இல்லை. வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். இயந்திரம் நின்றால் சில மணி நேரத்தில் மீன் திணறத் தொடங்கும். மின்கலத்தில் இயங்கும் காற்றுக் கருவி இரண்டு வாங்கலாம். ஆனால் அவை இயங்குகின்றனவா என்று எழுபது வயது மூதாட்டி நள்ளிரவில் எழுந்து பார்த்தல் வேண்டும். மகனோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன.

அன்பர் தொட்டியைக் கட்டினார். சுறாவை ஓய்வுக்குப் பின் என்று ஒத்திவைத்தார். இப்பொழுது அதில் நீரும் மணலும், சில சிறு மீன்களுமே உள்ளன. ஞாயிறுதோறும் அம்மையார் உப்பளவைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்ல, மகன் டில்லியிலிருந்து குறித்துக்கொள்கின்றார். சென்ற வாரம் 34.