அலிப்பூரிலிருந்து இரண்டு பக்கங்கள்

சென்ற ஐப்பசி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து ஓர் அன்பர் எனக்கு ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தார். நாங்கள் நேரில் சந்தித்தவர்கள் அல்லர். தமிழ் விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதி வருவோர் என்பதொன்றே எங்களுக்குள்ள உறவு. பழைய பதிப்பாசிரியர் ஒருவரைப் பற்றித் தாம் வரைந்த கட்டுரைக்கு ஆதாரம் போதாதென்று பிறர் ஐயுறுவதாகவும், அவர் பதிப்பித்த நூலின் முன்னுரை கிடைத்தாலன்றிக் கட்டுரை நீக்கப்பட்டுவிடும் போலிருக்கிறதென்றும், அந்நூல் தம் பக்கத்தில் எங்கும் அகப்படவில்லையென்றும் எழுதியிருந்தார். தமிழ் நூலைத் தேடி வங்காளத்திற்கு எழுதுகிறாரே என்று நான் முதலில் நகைத்தேன்.

நகைத்தது என் அறியாமை. அலிப்பூரில் பெல்வெடேர் மாளிகை வளாகத்தில், 1953 ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகத்திலே தமிழுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்கள் (1891-1956) அரிதிற் சேர்த்த நூல்களும் சுவடிகளும் இங்கேதான் வந்து சேர்ந்தன. 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி இங்கு வரவேண்டும். இத்தனையும் ஒரு பஸ் பயணத் தொலைவிலிருக்க, பதினோராண்டு கொல்கத்தாவில் வாழ்ந்த நான் அன்றுவரை படியேறியதில்லை. நம்மவரில் ஏறியவர் எத்தனை பேரோ!

இரண்டு ஓய்வுநாள் செலவாயின. நூல் கிடைத்தது. வேண்டிய இரு பக்கங்களை நூலகத்தாரின் அனுமதியுடன் நகலெடுத்து அனுப்பினேன். கட்டுரை பிழைத்தது.

கைம்மாறாக, கிழக்கு இந்திய இரயில்வே பற்றி நான் தேடிய ஆய்வுக் கட்டுரையொன்றை அவர் அனுப்பி வைத்தார். விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி ஆறு மாதம் கடந்து, 500 திருத்தங்கள் செய்து, கடைசி முப்பது நாளில் பத்தேனும் செய்து, தடையேதுமின்றி இருப்பவருக்கு, அதன் நூலகத் திட்டம் விலையுயர்ந்த பல தரவுத்தளங்களைச் சந்தாவின்றித் திறந்து வைக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்ற என்போன்ற குமாஸ்தாவுக்கு வேறு வழி அரிது. ரூ. 6,000 கோடிச் செலவில் 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" ஏற்பாடு பதின்மூவாயிரம் அளவான ஆய்விதழ்களை வழங்குகிறது. எனினும் அது அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ளோர்க்கே உரியது.

ஆகவே அத்தகைய நிறுவனங்களில் பயிலும் நம் பிள்ளைகளின் துணை வேண்டியிருக்கிறது. ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த இளைஞரொருவர், கேட்டவர்க்கு இல்லையென்னும் மனமில்லாமல், தம் கல்லூரிக் கடவுச்சொல்லை ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டார். ஐவரும் ஒரே இரவில் கட்டுக்கட்டாக இறக்கிக்கொள்ள, மறுநாள் கணக்கு முடக்கப்பட்டது. ஆய்வேடு முடிக்கவேண்டிய மாதத்தில் அவருக்கே ஏடில்லை. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கேட்ட ஐவரைத்தான் கடிவேன்.

கேட்போர் கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை எழுதிக் கேட்கட்டும். அனுமதியுள்ளவர் தாமே அதனை எடுத்து, கேட்டவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பட்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கெனவே ஒரு வேண்டுகோள் பக்கம் நடந்து வருகிறது. ஆராய்ச்சிக்காக நியாயமான அளவில் பயன்படுத்த 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இடந்தருகிறது. உரிமையுள்ள நூலை முழுதும் படியெடுத்துப் பரப்ப இடந்தருவதில்லை.

திருநெல்வேலி அன்பர் இப்போது மூன்று நூல்களின் பெயரை எழுதியிருக்கிறார். எனக்கு வியாழன்தோறும் ஓய்வு. அலிப்பூருக்கு உடன்வர விரும்புவோர் புதன் மாலைக்குள் சங்க அறையில் சொல்லிவைக்கலாம்; அடையாளச் சான்று கையிலிருக்கட்டும்.