மூக்குக்கண்ணாடி வில்லையைத் தெரிவு செய்தல்

மூக்குக்கண்ணாடி வில்லை என்பது கண்ணின் ஒளிக்குவிப்பில் உள்ள குறையை ஈடுசெய்து, விழித்திரையில் தெளிவான பிம்பம் விழச் செய்யும் ஒளியியல் பொருளாகும். பேச்சு வழக்கில் இது லென்சு எனப்படுகின்றது. ஒருவருக்கு ஏற்ற வில்லையை முடிவு செய்வன மூன்று: அவரது கண்ணில் உள்ள குறை, அவர் நாள்தோறும் பார்க்கும் தொலைவுகள், வில்லை பொருத்தப்படும் சட்டகம். மூலப்பொருளும் பூச்சுகளும் இவற்றுக்கு அடுத்தே வருகின்றன. எனவே, விலை உயர்ந்த வில்லையே எல்லோருக்கும் சிறந்தது என்று கூற இயலாது.

பார்வைக் குறைகள்

வில்லைகளால் திருத்தப்படும் குறைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

* கிட்டப்பார்வை: அருகில் உள்ளவை தெளிவாகவும் தொலைவில் உள்ளவை மங்கலாகவும் தெரியும். ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிவதால் இது உண்டாகின்றது. குழிவில்லை இதனைத் திருத்தும்.
* தூரப்பார்வை: ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவியும் நிலையாகும். குவிவில்லை இதனைத் திருத்தும்.
* சிதறல் பார்வை: விழிவெண்படலத்தின் வளைவு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இல்லாததால், கோடுகள் சில திசைகளில் மட்டும் மங்கலாகத் தெரியும். உருளை வில்லை இதனைத் திருத்தும்.
* வெள்ளெழுத்து: அகவை 40-ஐ ஒட்டி, கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழப்பதால் அருகில் உள்ள எழுத்துகள் மங்கும். இது நோயன்று, அகவை முதிர்வால் எல்லோருக்கும் நேர்வதாகும்.

திறனும் பரிசோதனைச் சீட்டும்

வில்லையின் திறன் டயாப்டர் என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. மீட்டரில் அளந்த குவியத் தொலைவின் தலைகீழ் மதிப்பே டயாப்டர் ஆகும். எடுத்துக்காட்டாக, 0.5 மீட்டர் குவியத் தொலைவுடைய குவிவில்லையின் திறன் +2.00 டயாப்டர். இக்கணக்கைக் கொண்டு பார்வையின் எல்லையையும் அறியலாம். −3.00 டயாப்டர் கிட்டப்பார்வை உடையவருக்குக் கண்ணாடி இல்லாமல் ஏறத்தாழ 33 செ.மீ. தொலைவு வரை தெளிவாகத் தெரியும். அத்தகையோரிற் சிலர் 40 அகவைக்குப் பின்னர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூல் படிப்பது இதனாலேயே.

கண் பரிசோதனைச் சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் கோளத் திறன், உருளைத் திறன், உருளையின் அச்சு ஆகியவை குறிக்கப்படும். அச்சு 1 முதல் 180 பாகை வரையிலான எண்ணாகும். வெள்ளெழுத்து உடையவர்களுக்கு, அருகே பார்ப்பதற்கான கூடுதல் திறன் தனியாக எழுதப்படும்.

தொலைவும் வில்லை வகையும்

தொலைவில் உள்ள பொருளைத் தெளிவாகக் காணும் ஒரு கண், 40 செ.மீ. தொலைவில் உள்ள நூலைப் படிக்க 2.5 டயாப்டரும், 65 செ.மீ. தொலைவில் உள்ள கணினித் திரையைப் பார்க்க ஏறத்தாழ 1.5 டயாப்டரும் கூடுதலாகக் குவிக்க வேண்டும். இளையோரின் கண் இதனைத் தானே செய்துகொள்ளும். வெள்ளெழுத்து உடையவருக்கு வில்லை துணை செய்ய வேண்டும். அதற்கான வகைகள் பின்வருமாறு:

* ஒற்றைக்குவிய வில்லை: ஒரு தொலைவுக்கு மட்டும் உரியது. பரப்பு முழுவதும் தெளிவாக இருக்கும். நெடுநேரம் படிப்பவர், தைப்பவர் ஆகியோருக்கு இது ஏற்றது.
* இருகுவிய வில்லை: மேற்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி அண்மைக்கும் உரியவை. பெஞ்சமின் பிராங்கிளின் 1784ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றில் இத்தகைய இரட்டைக் கண்ணாடியைத் தம் கண்டுபிடிப்பாகக் குறிப்பிட்டுள்ளார். கணினித் திரை இருக்கும் இடைப்பட்ட தொலைவுக்கு இது பொருந்தாது.
* படிப்படியாகத் திறன் மாறும் வில்லை: வழக்கில் புரோகிரசிவ் எனப்படும். பிரான்சைச் சேர்ந்த பெர்னார் மெத்தெனா உருவாக்கிய இவ்வகை வில்லை 1959ஆம் ஆண்டு வாரிலக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. எல்லாத் தொலைவுகளுக்கும் உதவும். ஆயினும் கீழ்ப்பகுதியின் இரு ஓரங்களிலும் பிம்பம் திரிந்து தெரியும். பழகச் சில நாட்கள் ஆகலாம். படியிறங்கும்போது தலையைத் தாழ்த்திப் பார்த்தல் வேண்டும்.
* அலுவலக வில்லை: கணினி, மேசை ஆகிய தொலைவுகளுக்கு மட்டும் வடிவமைக்கப்பட்டது. வண்டி ஓட்டுவதற்கு உகந்ததன்று.

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் படிப்புக் கண்ணாடிகளில் இரு வில்லைகளும் ஒரே திறனுடையவை. சிதறல் பார்வை இன்றி, இரு கண்களும் ஒத்திருப்பவருக்கே அவை பொருந்தும்.

மூலப்பொருள்கள்

ஒளிவிலகல் எண் கூடக்கூட வில்லை மெலியும். அபே எண் குறையக்குறைய, ஓரத்தின் வழியே பார்க்கும்போது பொருள்களின் விளிம்பில் நிறப்பிரிகை தோன்றும். ஏறத்தாழ மதிப்புகள்:

* கிரவுன் கண்ணாடி: ஒளிவிலகல் எண் 1.52, அபே எண் 59, அடர்த்தி 2.54 கிராம்/க.செ.மீ.
* சிஆர்-39 நெகிழி: 1.50, 58, 1.32
* டிரைவெக்ஸ்: 1.53, 44, 1.11
* பாலிகார்பனேட்: 1.59, 30, 1.20
* உயர்விலகல் நெகிழி: 1.67, 32, 1.36

பாலிகார்பனேட், டிரைவெக்ஸ் ஆகியவை மோதலை நன்கு தாங்குபவை. எனவே சிறுவர்கள், விளையாட்டு வீரர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உடையவர்கள் ஆகியோருக்கு மெல்லிய வில்லையை விட இவையே முதன்மையானவை.

சட்டகத்தின் அளவு

குழிவில்லை ஓரத்தில் தடித்திருக்கும். ஓரத்துக்கும் மையத்துக்கும் உள்ள தடிப்பு வேறுபாடு, வில்லை ஆரத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடுகின்றது. −6.00 டயாப்டர் உடைய வட்ட வில்லைக்கு இவ்வேறுபாடு வருமாறு:

* 50 மி.மீ. விட்டம், சிஆர்-39: ஏறத்தாழ 3.8 மி.மீ.
* 50 மி.மீ. விட்டம், 1.67 நெகிழி: ஏறத்தாழ 2.8 மி.மீ.
* 40 மி.மீ. விட்டம், சிஆர்-39: ஏறத்தாழ 2.4 மி.மீ.

அதாவது, சிறிய சட்டகத்தில் அமைந்த விலை குறைந்த வில்லை, பெரிய சட்டகத்தில் அமைந்த விலை உயர்ந்த வில்லையை விட மெல்லியதாக இருக்கக்கூடும். திறன் மிகுந்த கண்ணாடி அணிவோர் முதலில் சட்டகத்தைச் சிறிதாகத் தெரிவு செய்வது நலம்.

மையப் பொருத்தம்

வில்லையின் ஒளியியல் மையம் கண்ணின் பாவைக்கு நேராக அமைய வேண்டும். விலகினால் வில்லை முப்பட்டகம் போலச் செயற்பட்டு, தலைவலியையும் சில வேளைகளில் இரட்டைப் பார்வையையும் உண்டாக்கலாம். இவ்விளைவின் அளவு, செ.மீ. விலகலை டயாப்டர் திறனால் பெருக்கக் கிடைக்கும். −5.00 டயாப்டர் வில்லைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு 4 மி.மீ. தவறினால், இரு கண்களுக்கும் சேர்த்து 2 முப்பட்டக டயாப்டர் விளைவு ஏற்படும். ஆகையால் பாவைகளுக்கு இடையே உள்ள தொலைவை அளக்காமல் கண்ணாடி செய்தல் கூடாது.

பூச்சுகள்

சிஆர்-39 வில்லையின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4% ஒளியை எதிரொளிக்கின்றது, 1.67 நெகிழியில் இது 6%-ஐத் தாண்டும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இதனைப் பெரிதும் குறைப்பதால், இரவில் வண்டி ஓட்டுவோருக்குப் பயனுடையது. நெகிழி வில்லைகள் எளிதிற் கீறுபடுவதால் கீறல் தடுப்புப் பூச்சும் வேண்டும். வெயிலில் கருமையாகும் வில்லைகள் புற ஊதாக் கதிரால் செயற்படுபவை. மகிழுந்தின் முன்கண்ணாடி அக்கதிரைப் பெருமளவு தடுப்பதால், அவற்றுட் பல வண்டிக்குள் போதிய அளவு கருமையாவதில்லை.

நீல ஒளியைத் தடுக்கும் வில்லைகள் கணினியால் ஏற்படும் கண் அயர்ச்சியைப் போக்கும் என விளம்பரப்படுத்தப்படுகின்றன. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, குறுகிய காலத்தில் சாதாரண வில்லைகளை விட இவற்றால் அவ்வயர்ச்சி குறையாமல் இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது.

சமூக முக்கியத்துவம்

உலக நலவாழ்வு அமைப்பு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட பார்வை குறித்த அறிக்கை, வெள்ளெழுத்துக்குத் திருத்தம் கிடைக்காதோர் 82.6 கோடி எனக் கணித்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 அகவைக்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018ஆம் ஆண்டு வெளியானது. அண்மைப் பார்வைக்கான எளிய கண்ணாடி பெற்றோரின் உற்பத்தித் திறன், பெறாதோரை விட ஏறத்தாழ 22% கூடுதலாக உயர்ந்தது. அவர்களுக்கு உதவியது அரிய மூலப்பொருளோ பூச்சோ அன்று. வேலை செய்யும் தொலைவுக்குப் பொருந்திய திறனே ஆகும்.

எனினும் வில்லையின் திறனை அளப்பது மட்டுமே கண் பரிசோதனை ஆகாது. கண் அழுத்த நோய், நீரிழிவால் வரும் விழித்திரை நோய் ஆகியவை தொடக்கத்தில் பார்வையைக் குறைக்காமலே வளரக்கூடியவை. 40 அகவையில் முதற் கண்ணாடி வாங்கும் வேளை, கண் மருத்துவரிடம் முழுமையான பரிசோதனை செய்துகொள்வதற்கும் ஏற்ற வேளையாகும்.