'ஒன்லி' எங்கே நிற்க வேண்டும்?

'ஒன்லி' என்ற ஆங்கில வினையடை பள்ளிப் பாடத்தில் 'மட்டும்' என்ற ஒற்றைப் பொருளோடு அறிமுகமாகிறது. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதிய பிறகு, யாரும் பின்னால் எதையும் சேர்த்துவிடாதபடி கடைசியில் 'ஒன்லி' என்று முடிப்பார்கள். தமிழில் நிரப்பினால் அதே இடத்தில் 'மட்டும்' வரும். இந்த அளவில் சிக்கல் ஏதுமில்லை. வாக்கியத்தில் அந்தச் சொல் நிற்கும் இடமும், தமிழின் 'தான்' அதன்மேல் ஏற்றிவிடும் சுமையும்தான் கற்பவரைத் தடுமாற வைக்கின்றன.

பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்று பொருள்படும் சொல்லோடு 'லி' விகுதி சேர்ந்து பிறந்தது இந்தச் சொல். 'ஒரே பிள்ளை' என்பதற்கு 'ஒன்லி சைல்ட்' என்கிறபோது அந்த மூலப்பொருள் இன்றும் தெரிகிறது. ஒன்று என்பதற்கான ஆங்கிலச் சொல் பிற்காலத்தில் 'வன்' என்று ஒலி மாறிவிட்டது. 'ஒன்லி', 'அலோன்' ஆகியவை அந்த மாற்றத்துக்கு ஆட்படவில்லை. அதனால்தான் எழுத்தில் ஒற்றுமை இருந்தும் உச்சரிப்பில் 'ஓன்லி' என்று முதலெழுத்து நீள்கிறது.

தமிழில் 'மட்டும்' தான் சுட்டும் சொல்லை ஒட்டியே வரும். 'கமலா மட்டும் அரிசி வாங்கினாள்', 'கமலா அரிசி மட்டும் வாங்கினாள்' என்ற இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் தான் சுட்டும் சொல்லுக்கு முன்னால் வருகிறது. 'ஒன்லி கமலா பாட் ரைஸ் எஸ்டர்டே' என்றால் வாங்கியவள் கமலா ஒருத்தியே. 'கமலா பாட் ஒன்லி ரைஸ் எஸ்டர்டே' என்றால் அரிசியைத் தவிர வேறெதையும் வாங்கவில்லை. 'கமலா பாட் ரைஸ் ஒன்லி எஸ்டர்டே' என்றால் நேற்றுத்தான் வாங்கினாள், அதற்கு முன்பு வாங்கவில்லை.

'கமலா ஒன்லி பாட் ரைஸ்' என்று வினைச்சொல்லுக்கு முன்னால் வைத்தால் பொருள் உறுதியாக நிற்பதில்லை. அரிசி வாங்கியதோடு சரி, சமைக்கவில்லை என்றும் கொள்ளலாம். அரிசியை மட்டும் வாங்கினாள் என்றும் கொள்ளலாம். பேச்சில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறார்களோ அதை வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். எழுத்தில் அந்த அழுத்தம் இல்லை. ஆனாலும் ஆங்கிலேயர் இயல்பாகப் பேசும்போது வினைக்கு முன்னால் வைப்பதே அதிகம். இதைப் பிழை என்று கண்டித்த இலக்கண ஆசிரியர்கள் உண்டு. ஆங்கிலச் சொல்லாட்சி பற்றி 1926இல் அகராதி வெளியிட்ட எச். டபிள்யூ. ஃபௌலர், பொருள் மயங்காத இடத்தில் அந்த இயல்பான இடத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை என்று வாதிட்டார். அவர் சொன்னது நியாயமே. ஆனால் ஒப்பந்தத்திலும் அறிவிப்புப் பலகையிலும் அந்தத் தளர்வு உதவாது. 'ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் மட்டும் வண்டி நிறுத்தலாம்' என்பதும் 'உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி நிறுத்தலாம்' என்பதும் வெவ்வேறு விதிகள். 'ஒன்லி' ஓர் இடம் தள்ளி நின்றால் ஒன்று மற்றதாகிவிடும்.

அடுத்தது 'தான்'. 'நான் மதுரையில்தான் இருக்கிறேன்' என்பதைப் பலர் 'ஐ ஆம் இன் மதுரை ஒன்லி' என்கிறார்கள். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் இது புரியும். இந்தி பேசுவோரும் தங்கள் 'ஹீ' என்ற இடைச்சொல்லின் வழியே இதே வாக்கியத்தை அமைப்பதால் இந்தியா முழுவதும் புரியும். வெளிநாட்டவர் காதில் விழுவது வேறு: 'மதுரையைத் தவிர வேறெங்கும் இல்லை.' சொன்னவர் அப்படி எதையும் விலக்க நினைக்கவில்லை. இருக்குமிடத்தை உறுதிப்படுத்தினார், அவ்வளவே.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழ் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. ஏகார இடைச்சொல்லின் பொருள்களைத் தொல்காப்பியம் ஐந்தாகவும் நன்னூல் ஆறாகவும் வகுக்கின்றன. இரண்டு பட்டியலிலும் பிரிநிலை, தேற்றம் ஆகியவை இடம்பெறுகின்றன. ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பிரிநிலை. உறுதி தருவது தேற்றம். பேச்சுத் தமிழில் 'தான்' இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. ஆங்கில 'ஒன்லி' பிரிநிலைக்கு மட்டுமே உரியது. தேற்றத்துக்கு ஆங்கிலம் குரலை அழுத்தும், அல்லது வாக்கியத்தையே மாற்றி அமைக்கும். 'அவர்தான் சொன்னார்' என்பதற்கு 'ஹீ ஒன்லி டோல்ட் மீ' என்பதைவிட 'இட் வாஸ் ஹீ ஹூ டோல்ட் மீ' பொருந்தும். 'இது என் புத்தகம்தான்' என்பதற்கு 'திஸ் இஸ் மை புக்' போதும். 'இஸ்' என்பதைச் சற்று அழுத்திச் சொன்னால் உறுதி வந்துவிடும்.

இந்திய ஆங்கிலத்தின் இந்த வழக்கை ஏளனம் செய்வது தவறு. ஒரு மொழி புதிய ஊரில் குடியேறினால் அந்த ஊரின் சாயல் படியத்தான் செய்யும். ஆனால் அயல்நாட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்திலும், ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்விலும் இந்த வழக்கு பொருளையே மாற்றிவிடக்கூடும் என்பதைக் கற்பவர் அறிந்திருக்க வேண்டும்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் காலத்தையோ நிபந்தனையையோ குறிக்கும் தொடரோடு 'ஒன்லி' வந்தால் சொல்வரிசை மாறும். 'அப்போதுதான் எனக்குப் புரிந்தது' என்பது 'ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்'. கேள்வி வாக்கியம்போல் 'டிட்' எழுவாய்க்கு முன்னால் வந்துவிடுகிறது. 'ஒன்லி கமலா நோஸ்' என்று எழுவாயோடு சேர்ந்து வரும்போது இந்த மாற்றம் தேவையில்லை.

'ஒன்லி இஃப்' நிபந்தனை. அதையே திருப்பி 'இஃப் ஒன்லி' என்றால் ஏக்கம். 'அப்பா மட்டும் இன்று இருந்திருந்தால்!' என்று தமிழர் பெருமூச்சு விடும் அதே இடத்தில் ஆங்கிலேயர் 'இஃப் ஒன்லி' என்கிறார்கள். ஏக்கத்துக்கு இரு மொழிகளும் ஒரே சொல்லைத் தேர்ந்திருப்பது அழகான ஒற்றுமை. 'ஒன்லி ஜஸ்ட்' என்பது 'இப்போதுதான்' அல்லது 'மயிரிழையில்'. 'ஒன்லி டூ ஹேப்பி' என்பதில் 'மட்டும்' அடியோடு மறைந்து 'மிகவும் மகிழ்ச்சி' என்றாகிறது. 'ஹீ ரேன் டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்' என்ற வாக்கியத்தில் அது ஏமாற்றத்தைச் சொல்கிறது: ஓடிப்போய்ப் பார்த்தால் ரயில் போயிருந்தது.

எழுதும்போது ஐயம் வந்தால், 'தான்' எதையாவது விலக்குகிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். 'வேறில்லை', 'இதற்கு மேல் இல்லை', 'இதற்கு முன் இல்லை' என்ற மூன்றில் ஒன்றைச் சொல்ல வந்திருந்தால் 'ஒன்லி' பொருந்தும். அதை உரிய சொல்லுக்கு முன்னால் வைக்க வேண்டும். வெறும் உறுதிக்காக வந்த 'தான்' என்றால், ஆங்கிலத்தில் 'ஒன்லி'யை விட்டுவிடலாம்.