கழுத்து ஸ்கேனுக்கு முன்னால் கால்சியம் பாருங்கள்

நம் மலையில், வாழவந்தி நாட்டில் எலும்பு வலி என்று யாராவது சொன்னால், மிளகு பறிக்க ஏணி ஏறியது, தலைச்சுமை தூக்கியது என்று காரணம் தயாராக இருக்கும். கால்சியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சிறுநீரகக் கல் என்றால் வாழைத்தண்டுச் சாறு. இரண்டும் ஒரே ஆளைப் படுத்தும்போதுகூட ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மருத்துவர்களும் எத்தனை பேர் எழுதிக் கொடுக்கிறார்கள்?

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று கட்டியாகி அதிகம் சுரந்தால், எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து ரத்தத்தில் ஏறும். கல், எலும்பு முறிவு, மலச்சிக்கல், தீராத அசதி எல்லாம் அதன் வேலை. தைராய்டு பரிசோதனை சரியாக வந்தாலும் இந்த நோய் இருக்கலாம். கால்சியம் ஏறியிருப்பவர் தானாகவே கால்சியம் மாத்திரை விழுங்குவது ஆபத்து.

முதலில் ரத்தம். கால்சியம், அல்புமின், பாஸ்பரஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் (பிடிஹெச்) பார்க்க வேண்டும். கூடவே 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம். காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, மறுநாள் காலைச் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். இதில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தால், அறுவை தேவைப்படாத பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாம். பிடிஹெச் ரத்தத்தை மலையில் எடுத்து வெயிலில் கீழே அனுப்பாதீர்கள், கெட்டுவிடும். பரிசோதிக்கும் இடத்திலேயே கொடுங்கள்.

நோய் உறுதியாகி, அறுவை என்று முடிவான பிறகுதான் அணு ஸ்கேன். டெக்னீசியம் 99எம் செஸ்டாமிபி என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, சில நிமிடங்களில் ஒரு படமும், இரண்டு மணி நேரம் போல் கழித்து இன்னொன்றும் எடுப்பார்கள். தைராய்டில் மருந்து வடிந்த பிறகும் ஒளிரும் இடம்தான் பெரும்பாலும் குற்றவாளி. அணு என்றதும் அலற வேண்டாம். இதன் அரை ஆயுள் 6 மணி நேரம்தான். ஆனால் கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அரை ஆயுள் குறைவு என்பதால் மருந்து காத்திருக்காது. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிறவர்கள் முந்தின நாளே போய்விடுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. திரும்பவும் சொல்கிறேன்: நோயைச் சொல்வது ரத்தம், இடத்தைக் காட்டுவது ஸ்கேன். சின்னக் கட்டியும் பல சுரப்பி வீக்கமும் படத்தில் தப்பலாம். அறிக்கையைப் பார்த்துத் தெம்பாகி மலையேறிவிடாதீர்கள். இந்த அறுவையை வாடிக்கையாகச் செய்பவரிடம் காட்டுங்கள்.

இனி காகிதம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாமக்கல் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். அறுவைத் தேதி வாங்கிய பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது நம் ஊர் வழக்கம். “நாளைக்கு வாங்க” என்பது அலுவலக வழக்கம். அதனால் இப்போதே வாங்கிவிடுங்கள். ஸ்கேன் செலவு காப்பீட்டில் சேருமா என்பதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவிலும் 1800 425 3993 எண்ணிலும் ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

அறுவை முடிந்த சில நாட்களில் கால்சியம் சட்டென்று இறங்கலாம். உதடு மரத்தாலோ விரல் இழுத்துக்கொண்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

ஸ்கேன் படத்தையும் சிடியையும் விடாமல் வாங்குங்கள். அறிக்கைத் தாள் மட்டும் அறுவை மருத்துவருக்குப் போதாது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எழுதிக் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். தனியார் மருத்துவமனை இழுத்தடித்தால் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் அனுப்பலாம். மருத்துவமனை சேலத்தில் இருந்தால் சேலம் இணை இயக்குநருக்கு. நாமக்கல்லுக்கு அனுப்பினால் கடிதம்தான் ஊர் சுற்றும்.