அஸ்வெசும பட்டியலும் நமது கடன் கொப்பியும்: பிரதேச சபைக்கு இதில் என்ன வேலை?

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஊர் வர்த்தகர் சங்கம் புதிய உறுப்பினர்களை அழைத்து ஒரு தேநீர் விருந்து வைத்தது. சந்தைக் கடை வாடகை, வடிகான், வியாபார அனுமதிப் பத்திரக் கட்டணம் என்று நாங்கள் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தோம். தாளை வாசிக்க முன்னரே பின்வரிசையில் இருந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் எழும்பினார்.

"மெம்பர், ரோட்டையும் கானையும் பொறவு பாப்பம். என்ட கடையில கடன் கொப்பியில இருக்கிற அரைவாசிப் பேருக்கு அஸ்வெசும இல்ல. இத சபையில எடுத்துப் பேசுங்களன்."

உறுப்பினர் சிரித்துக்கொண்டு "பேசுவோம் காக்கா" என்றார். பேசலாம்தான். ஆனால் பேசினால் என்ன நடக்கும், எந்தச் சபைக்கு இதில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அங்கிருந்த எவருக்கும் தெளிவில்லை. எனக்கும் அன்று தெளிவில்லை. அதன் பிறகு தேடி வாசித்து அறிந்துகொண்டதையே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் இது நமது தொழிலை எப்படித் தொடுகிறது என்பதைப் பார்ப்போம். அரச நிவாரணம் ஏழைகளின் விவகாரம், நமக்கு அதில் அலுவல் இல்லை என்று எண்ணும் வியாபாரிகள் இருக்கிறார்கள். பெரிய புடவைக் கடை வைத்திருப்பவர் அப்படி எண்ணலாம். பலசரக்குக் கடைக்காரர் எண்ண முடியாது. ஒரு கணக்குக்காக, உங்கள் கடையைச் சுற்றி "வறிய" பிரிவில் 100 குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல் அப்பிரிவுக்கு மாதம் 10,000 ரூபா. அப்படியானால் மாதாமாதம் பத்து இலட்சம் ரூபா அந்த ஒழுங்கைகளுக்குள் வருகிறது. அது அரிசியாக, மாவாக, சீனியாக, பால்மாவாக, சவர்க்காரமாகத்தான் செலவாகும். அதிகமானவை நம்மைப் போன்றவர்களின் கல்லாப் பெட்டிக்கே வரும். பட்டியலிலிருந்து முப்பது பெயர் வெட்டப்பட்டால் மூன்று இலட்சம் அங்கிருந்து குறையும். அந்தக் குடும்பங்கள் சாப்பிடாமல் இருக்கப் போவதில்லை. கொப்பியில் எழுதச் சொல்லும்.

என் வாப்பாவின் காலத்தில் நிலைமை வேறு. 1979இல் உணவு முத்திரை, 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சமுர்த்தி முத்திரையின் ஒரு பகுதிக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில்தான் பொருள் எடுக்க வேண்டும், இன்னொரு பகுதி கட்டாயச் சேமிப்பாக சமுர்த்தி வங்கிக்குப் போய்விடும். முத்திரை நாளில் சங்கக் கடையில் வரிசை நிற்கும், வாப்பா தன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். மாதத்தின் மீதி நாட்களில் அதே மனிதர்கள் எங்களிடம் கடனுக்கு வருவார்கள். காசுக்கு அங்கே, கடனுக்கு இங்கே என்று வாப்பா முணுமுணுப்பதுண்டு.

அஸ்வெசும அதை மாற்றியது. பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. எந்தக் கடையில் வாங்குவது என்பது அக்குடும்பத்தின் விருப்பம். வியாபாரி என்ற வகையில் இதை நான் நல்ல மாற்றம் என்றே சொல்வேன். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது, அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சிக்கல்.

இவ்விடத்தில் சற்றுப் பின்னால் செல்ல வேண்டியிருக்கிறது. ஏழை நிவாரணத்தில் உள்ளூர்ச் சபைகளுக்குச் சம்பந்தமே இருந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின் கீழ் கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளிடமே அவ்வப் பகுதி ஏழைகளுக்கு உதவும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த பெரிய திட்டங்கள் யாவும் கொழும்பிலிருந்து நடத்தப்பட்டவை. 1987இல் 13ஆவது திருத்தம் வந்து, சமூக சேவை, கிராம அபிவிருத்தி போன்ற விடயங்கள் மாகாண சபைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பின்னரும் சமுர்த்தி மத்திய அரசின் கையிலேயே இருந்தது.

இந்த முரண்பாடு 2012இல் வெடித்தது. சமுர்த்தி அதிகார சபையையும், தெற்கு, மலையக அபிவிருத்தி அதிகார சபைகளையும் ஒன்றாக்கி, பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் "திவிநெகும" என்ற பெரிய திணைக்களத்தை அமைக்க அன்றைய அரசாங்கம் சட்டமூலம் கொண்டு வந்தது. அமைச்சர் பசில் ராஜபக்ஷ. சமுர்த்தி வங்கிகளும் அவற்றில் ஏழைகள் சேமித்த பணமும் அதற்குள் அடங்கின. அவ்வங்கிகள் மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வராதவை என்பதைக் கவனத்திற் கொள்ளவும். அலுவலர்கள் இரகசியம் காக்க வேண்டும் என்ற வாசகம் வேறு அதில் இருந்தது.

சட்டமூலத்துக்கு எதிராக மனுக்கள் தாக்கலாகின. இது மாகாண சபைகளின் விடயங்களைத் தொடுகிறது, ஆகவே அரசியலமைப்பின் 154ஜீ உறுப்புரையின்படி எல்லா மாகாண சபைகளின் கருத்தையும் பெற வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சபைகள் அனைத்தும் உடன்பட்டால் பாராளுமன்றத்தில் சாதாரண பெரும்பான்மை போதும். ஒரு சபை மறுத்தாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. எனவே ஏழைகளுக்கான ஒரு தேசியத் திட்டத்தைப் பற்றி நாட்டின் மாகாண சபைகள் கூடி விவாதித்து வாக்களிக்கும் அபூர்வமான சந்தர்ப்பம் ஏற்பட்டது.

கிழக்கு மாகாண சபைக்கு 2012 செப்டெம்பர் 8இல்தான் தேர்தல் நடந்திருந்தது. 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவுடன் ஆட்சி அமைந்தது, நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சரானார். அச்சபை சந்தித்த முதலாவது பெரிய வாக்கெடுப்பு இதுதான் எனலாம். தமிழ்க் கூட்டமைப்பு, மாகாண அதிகாரம் பறிபோகிறது என்று எதிர்த்தது. முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தனர், சட்டமூலம் சபையில் நிறைவேறியது. அதன் பிறகு பல நாட்கள் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இந்த வாக்கைப் பற்றிய சண்டைதான்.

அச்சண்டையில் எந்தப் பக்கம் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று பேசினோமே தவிர, இந்தச் சட்டம் வந்தால் எங்கள் ஊரில் பயனாளியை யார் தெரிவு செய்வார், விடுபட்டவர் யாரிடம் முறையிடுவார், வங்கியிலுள்ள சேமிப்பை யார் கணக்குப் பார்ப்பார் என்று கேட்டவர்களை நான் காணவில்லை. நானும் கேட்கவில்லை.

வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட மாகாண சபையே இல்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் சம்மதம் கொடுத்தார். இல்லாத சபையின் இடத்தில் நின்று ஆளுநர் சம்மதம் கொடுக்க முடியாது, எனவே மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் மறுபடியும் கூறியது. ஒரு வாசகத்துக்குச் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்றது. 2013 ஜனவரி 8ஆம் திகதி திவிநெகும சட்டம் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது. அதே மாதத்தில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப் பிரேரணை மூலம் பதவி நீக்கப்பட்டார். நிவாரண விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இனி அஸ்வெசுமவுக்கு வருவோம். இதற்குப் புதிய சட்டம் கொண்டுவர வேண்டிய தேவை இருக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் ஏற்கனவே புத்தகத்தில் இருந்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின் ஓர் அங்கமாக நிவாரண முறையைச் சீர்திருத்த வேண்டியிருந்தது. அந்தப் பழைய சட்டத்தின் கீழ் வர்த்தமானி வெளியிட்டு, 2023 ஜூலை முதல் அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். தொடக்கத்தில் நான்கு பிரிவுகள்: நிலைமாறும் பிரிவுக்கு 2,500, பாதிக்கப்படக்கூடியோருக்கு 5,000, வறியோருக்கு 8,500, மிக வறியோருக்கு 15,000 ரூபா. 2025இல் வறியோருக்கு 10,000, மிக வறியோருக்கு 17,500 என உயர்ந்தது. 2015க்குப் பின் சமுர்த்தியில் 420 ரூபா முதல் 3,500 ரூபா வரைதான் கொடுக்கப்பட்டது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

இவ்வளவு பெரிய மாற்றம் வந்தபோது அதைப் பற்றி விவாதிக்க எந்தச் சபை இருந்தது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. 2019க்குள் எல்லா மாகாண சபைகளும் கலைந்துவிட்டன. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப் போடப்பட்டது, அதே மாதம் 19ஆம் திகதியுடன் பிரதேச சபைகளின் காலமும் முடிந்தது. 2012இல் ஒரு மாகாணத்தில்தான் சபை இருக்கவில்லை. 2023இல் நாடு முழுவதிலும் மாகாண சபையும் இல்லை, ஏறக்குறைய எங்குமே பிரதேச சபையும் இல்லை. மக்கள் பிரதேச செயலக வாசலில் நின்றார்கள். இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. ஜூலை மாதக் கொடுப்பனவு பலருக்கு ஆகஸ்ட்டில்தான் கைக்கு வந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது யாருடைய கொப்பி என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தெரிவு எப்படி நடக்கிறது? கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 அளவுகோல்கள் வைத்துப் புள்ளி போடப்படுகிறது. முன்னர் போல அரசியல்வாதியின் சிபாரிசுத் துண்டுக்கு இடமில்லை என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் புள்ளி போடும் இயந்திரத்துக்கு நம் ஊர் வீடு எப்படியிருக்கும் என்று தெரியாது. மின்பாவனையும் ஓர் அளவுகோல். என் அயலில் ஒரு விதவைத் தாய் வீட்டு விறாந்தையில் சிறு கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே மீற்றர். ஐஸ்பழமும் குளிர்பானமும் வைக்கும் பெட்டி ஒன்று இரவு பகலாக ஓடுகிறது. பில்லைப் பார்த்தால் வசதியான வீடு, உள்ளே போய்ப் பார்த்தால் தகரக் கூரை. முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நம் வாசகர்களில் இப்படிக் கடையும் வீடும் ஒன்றாக வைத்திருப்போர் பலர், ஆகவேதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இனி, அந்தச் சில்லறைக் கடைக்காரரின் கேள்வி. பிரதேச சபைக்கு இதில் என்ன அதிகாரம்? சட்டப்படி பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ சபைக்கு அதிகாரம் இல்லை. தீர்மானிப்பது நலன்புரி நன்மைகள் சபை, ஊரில் வேலையைச் செய்வது பிரதேச செயலகம். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றென்று எண்ணி உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டுவோர் இன்றும் உண்டு. செயலகம் மத்திய அரசின் நிர்வாகம், சபை நாம் வாக்குப் போட்டு அனுப்பியது. விசித்திரம் என்னவென்றால், நம்மிடம் வரியும் அனுமதிக் கட்டணமும் சந்தை வாடகையும் வாங்கும் சபைக்கு நம் வாடிக்கையாளரின் வருமானத்தில் சொல் இல்லை. சொல் உள்ள இடத்துக்கு நம் வாக்கு நேரே போவதில்லை.

அப்படியானால் சபையில் பேசுவது வீணா? நான் அப்படிக் கருதவில்லை. வெறுமனே "எங்கள் ஊருக்கு அநீதி" என்று கண்டனத் தீர்மானம் போட்டால் அது கூட்டறிக்கைக் கோவையில் உறங்கும். சபை தன் கையிலுள்ளதைக் கொண்டு பேச வேண்டும். கடையும் வீடும் ஒரே கட்டடம் என்பதற்கான ஆவணம் சபையிடம் இருக்கிறது. ஆதன வரி இடாப்பு அதனிடம் இருக்கிறது. ஒரு மேன்முறையீட்டாளருக்கு அந்த உறுதிக் கடிதத்தைக் காலதாமதமின்றியும் கட்டணமின்றியும் கொடுப்பதெனச் சபை முடிவு செய்தால் அது நூறு கண்டனத் தீர்மானத்தைவிடப் பிரயோசனமானது. விடுபட்டோர் எத்தனை பேர், எந்தக் காரணத்தால் என்று வட்டாரம் வட்டாரமாகத் தொகுத்துப் பிரதேச செயலாளரிடம் கையளிக்கவும் உறுப்பினர்களால் முடியும்.

வர்த்தக சகோதரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம். சமுர்த்தி கிடைத்தவர்களுக்கு அது ஏறக்குறைய ஆயுள் முழுதும் கிடைத்தது. அதை நம்பியே நாம் கடன் கொடுத்துப் பழகினோம். அஸ்வெசும அப்படியல்ல. வறியோருக்கும் மிக வறியோருக்கும் மூன்று ஆண்டுகள் என்றே 2023ஆம் ஆண்டு வர்த்தமானி காலம் குறித்தது. மற்ற இரு பிரிவுகளுக்கு அதைவிடக் குறுகிய காலம், பின்னர்தான் நீடிப்புகள் வந்தன. தகுதி மறுபடியும் அளக்கப்படும், பெயர் போகலாம். எனவே "அஸ்வெசும வந்ததும் தருவேன்" என்ற சொல்லுக்கு எத்தனை மாதத் தொகை வரை கடன் எழுதுவது என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. என் கடையில் ஒரு மாதக் கொடுப்பனவின் அரைவாசிக்கு மேல் எழுதுவதில்லை. அதற்காகச் சிலர் என்னைக் கோபித்ததும் உண்டு.

அயல்வீட்டுத் தாயின் மேன்முறையீட்டுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். மின்பில்லின் பிரதி, கடையின் புகைப்படம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றை இணைத்தோம். இரண்டாம் முறையில் பெயர் வந்தது, 5,000 ரூபாப் பிரிவில். கடைக்கு வேறு மீற்றர் எடுக்கச் சொன்னேன். அதற்குக் கட்ட வேண்டிய தொகையைக் கேட்டுவிட்டு, "அந்தக் காசு இருந்தா எனக்கு ஏன் தம்பி அஸ்வெசும?" என்றார்.