செல்லம் யாரைக் கெடுக்கும்?

மாயூரத்தில் முன்சீபாய் விளங்கிய கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவலாகும். அதில் செல்வர் வீட்டுப் பிரதாபன் பாடம் படியாவிடில், பாட்டியின் செல்லத்தால் அடி விழுவது அவனுக்கன்று. உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளை கனகசபைக்கு! ஆங்கில நாட்டில் ஜேன் ஆஸ்டின் 1814-இல் வெளியிட்ட 'மான்ஸ்பீல்டு பார்க்' நாவலிலும், பெரியம்மாவின் செல்லத்தில் வளர்ந்த சீமான் மகளிர் நெறி தவறுகின்றனர்; அவ்வீட்டில் தாழ்வாக நடத்தப்பட்ட ஏழை உறவுப்பெண் பானியோ வழுவாது நிற்கிறாள்.

பெற்றோரே, நம் பாப்பிரெட்டிப்பட்டியில் நிலமுடையவர் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் சேர்ந்து விளையாடுகையில் ஒரு பொருள் உடைந்தால், நாம் முதலில் யாரை அதட்டுகிறோம்? செய்யாத குற்றத்திற்குப் பெறும் அடி கனகசபையை நோகச் செய்யும். செய்த குற்றத்திற்குப் பெறாத கண்டிப்போ பிரதாபனின் உள்ளத்தையே கெடுத்துவிடும்.